ஏலம் போகும் கடலும் எண்ணெய்த் திமிங்கிலமும்

ஒத்தக்கடைக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இங்கே யானைமலை அடிவாரத்தில் நின்று பார்த்தால் கல்லில் படுத்த யானை தெரியும்; கடல் தெரியாது. விலைவாசி ஏறிக்கொண்டிருக்கிறது, வேலைக்கு உத்தரவாதமில்லை, ஆலைக் கதவுகள் மூடிக் கிடக்கின்றன. இந்த நேரத்தில் ஆழ்கடலில் நீந்தும் ஒரு பிராணியைப் பற்றிக் கட்சிப் பத்திரிகையில் எழுத வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் இருக்கிறது. 2024 நவம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் 7ஆம் தேதி அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலத்தை டங்ஸ்டன் எடுக்க ஏலத்தில் விட்டு, வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஒதுக்கியதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. அது நமக்குத் தெரியும். மேலூர் ஜனங்களின் வயிற்றில் அடித்த அறிவிப்பு அது. ஆனால் அதே மாதம் 28ஆம் தேதி அதே சர்க்கார் இன்னொரு ஏலத்தையும் தொடங்கியது. அது கடலை விற்கும் ஏலம். குஜராத் கரைக்கு அப்பால் சுண்ணாம்புச் சேறு மூன்று வட்டாரம், கேரளக் கரைக்கு அப்பால் கட்டுமான மணல் மூன்று வட்டாரம், கிரேட் நிக்கோபார் தீவுக்கு அப்பால் ஆழ்கடல் உலோகக் கட்டிகள் ஏழு வட்டாரம், ஆகப் பதின்மூன்று.

இரண்டு ஏலத்துக்கும் வழி திறந்த சட்டங்கள் ஒரே ஆண்டில், 2023-ல், நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. ஒன்று, டங்ஸ்டன் போன்ற கனிமங்களை மாநிலங்களின் கையிலிருந்து பறித்து மத்திய சர்க்காரே ஏலம் விட வழி செய்த திருத்தம். மற்றது, கடலடிக் கனிமங்களை ஏலத்தில் எடுப்பவருக்கு ஐம்பது ஆண்டுக் குத்தகை என்று தாராளம் காட்டிய திருத்தம். தாய் ஒருத்தி, பிள்ளைகள் இரண்டு.

நிலத்துக்கு வந்த ஏலத்தை நாம் தடுத்தோம். 2024 டிசம்பர் 9-ல் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஜனசமுத்திரம் புறப்பட்டது. அந்தச் சமுத்திரம் நம் ஒத்தக்கடை வழியாகத்தான் போயிற்று. ஜனவரி 23-ல் ஏலம் ரத்து! கிராமத்தில் ஜனங்கள் இருந்தார்கள், கேட்டார்கள், நடந்தார்கள், வென்றார்கள்.

ஆழ்கடலில் ஊர் இல்லை, பஞ்சாயத்து இல்லை, ஊர்வலம் போக ஆள் இல்லை. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் யார்? அந்தக் குடிகளில் ஒன்றுதான் எண்ணெய்த் திமிங்கிலம். அதனுடைய கதை உழைக்கும் வர்க்கம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

குடும்பம் நடத்தும் பிராணி

திமிங்கிலம் மீன் அல்ல. மூச்சுக்கு மேலே வரும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் ஆண் ஐம்பதடிக்கு மேல் வளரும். பெண் முப்பத்தைந்து அடியளவில் நின்றுவிடும். உலகில் எந்த ஜீவராசிக்கும் இல்லாத பெரிய மூளை, ஏறத்தாழ எட்டுக் கிலோ, இதற்கு இருக்கிறது. முக்கால் மணி நேரம் மூச்சடக்கி, ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய்க் கணவாய் பிடித்துத் தின்கிறது. அந்த ஆழத்தில் வெளிச்சம் கிடையாது. ஒலியே அதற்குக் கண். 'டக், டக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடுகிறது.

தாய், மகள், பாட்டி, சிற்றன்னை, குட்டிகள் எனப் பெண்வழிக் குடும்பமாக அவை வெப்பக் கடல்களில் வாழ்கின்றன. ஆண்பிள்ளை வளர்ந்ததும் குடும்பத்தை விட்டுக் குளிர்க்கடலுக்குப் போய்விடுகிறது. தாய் ஆழத்துக்கு இரை தேடப் போனால், குட்டியை மேலே மற்றொரு பெண் பார்த்துக்கொள்கிறது. கூலிக்குப் போகிறவள் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுப் போகிறாளே, அதே ஏற்பாடு! ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி ஒலி வழக்கு உண்டு. மதுரைப் பேச்சு வேறு, நெல்லைப் பேச்சு வேறு என்பது போல.

இதில் முக்கியமான கணக்கு ஒன்று. வயிற்றில் சுமப்பது ஓராண்டுக்கும் மேலே. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நாலைந்து ஆண்டு இடைவெளி. ஆகவே ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டு பிடிக்கும். இரை எங்கே, எப்போது என்று தெரிந்த மூத்தவள் செத்தால் குடும்பத்தின் அறிவும் சேர்ந்தே செத்துவிடும்.

யார் கொன்றது?

இதன் தலைக்குள் இருக்கும் எண்ணெய்தான் இதற்கு எமனாயிற்று. மேற்கு நாடுகளின் மாளிகைகளில் எரிந்த நயமான மெழுகுவர்த்தி அதிலிருந்து வந்தது. வேகமாகச் சுழலும் இயந்திரத்துக்கு அதைப் போல வழுக்கும் எண்ணெய் வேறில்லை. பஞ்சாலையில் ஸ்பிண்டில் என்று நம் தோழர்கள் சொல்லும் கதிர் இருக்கிறதே, மேல்நாட்டு ஆலைகளில் அது சூடேறாமல் சுற்றியது இந்த எண்ணெயால். ஆலைக்குள்ளே தொழிலாளியின் ரத்தம். ஆலைக்கு வெளியே திமிங்கிலத்தின் கொழுப்பு. இரண்டையும் பிழிந்துதான் அந்தக் காலத்து மூலதனம் கொழுத்தது.

வேட்டை தொடங்குமுன் உலகக் கடல்களில் ஏறத்தாழ இருபது லட்சம் எண்ணெய்த் திமிங்கிலங்கள் இருந்தன என்றும், இன்று இருப்பவை எட்டரை லட்சத்தளவே என்றும் 2022-ல் வெளியான விஞ்ஞானிகளின் மதிப்பீடு கூறுகிறது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் 7 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டன. மின்விளக்கு வந்து, பெட்ரோலிய எண்ணெய் வந்து, மெழுகுவர்த்திக்குத் தேவை ஒழிந்த பிறகும் கொலை நிற்கவில்லை, பெருகிற்று! ஏன்? நீராவிக் கப்பலும் வெடிக்கும் ஈட்டியும் மிதக்கும் ஆலையும் வந்துவிட்டன. போட்ட முதலுக்கு லாபம் வந்தாக வேண்டும். கப்பல் முதலாளி ஒனாஸிஸ் 1950களில் பனாமாக் கொடியின் கீழ்த் திமிங்கிலக் கப்பல் விட்டு, இருந்த கட்டுப்பாடுகளையும் மீறிக் கொள்ளையடித்தார்.

இங்கே நாம் மறைக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. முதலாளித்துவ நாடுகளின் கொடுமையை மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினால் அது நேர்மை ஆகாது. சோவியத் யூனியனின் திமிங்கிலக் கப்பல்களும் இதையே செய்தன. சர்வதேசத் திமிங்கிலக் கமிஷனுக்குப் பொய்க் கணக்குக் காட்டின. அப்படிக் கணக்கில் வராமல் கொல்லப்பட்டவை ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் என்று பின்னால் தெரிந்தது. பெரும்பாலும் 1966 நவம்பரில், நம் அரபிக் கடலிலேயே 242 கூனல் திமிங்கிலங்களை அக்கப்பல்கள் கொன்றன. எண்ணெய்த் திமிங்கிலமும் நீலத் திமிங்கிலமும் அந்த ஆண்டுகளில் இதே கடலில் பலியாயின.

ஏன் செய்தார்கள்? தனி முதலாளி அங்கே இல்லையே! இல்லைதான். ஆனால் மேலிருந்து வந்த டன் கணக்கு இருந்தது. இலக்கை எட்டினால் போனஸ், எட்டாவிட்டால் தண்டனை. அந்த இறைச்சிக்கு உள்நாட்டில் தேவை குறைவு. பெரும்பகுதி வீணாகக் கடலில் எறியப்பட்டது. ஆனாலும் இலக்கு நிறைவேறியது! கப்பலில் இருந்த விஞ்ஞானிகள் சிலர் உண்மைக் கணக்கை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1993-ல் அலெக்சி யாப்லகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி உலகத்தின் முன் உண்மையைச் சொன்னார். மற்றவர்கள் ஆதாரங்களை வெளியிட்டார்கள்.

இதைக் கட்சித் தோழர்கள் தலைகுனிந்து படிக்க வேண்டும். படித்துத் தலைநிமிர வேண்டும். எந்தக் கொடி பறந்தாலும், கணக்கு ஜனங்களின் கண்ணுக்கு மறைக்கப்பட்டால், கொள்ளை கொள்ளைதான். விஞ்ஞானியின் வாயைக் கட்டினால் பொதுச் சொத்தும் பாழாகும். நமக்கு இதுதான் பாடம்.

திருகோணமலைக் கடல்

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். பாக் நீரிணை ஆழமற்றது. எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு அது வாழிடமல்ல. இலங்கைக்குக் கிழக்கே திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே ஆயிரம் மீட்டர் ஆழம்! மேற்கே கற்பிட்டிக் கரைக்கு அப்பாலும், தெற்கே மிரிசைக்கு அப்பாலும் ஆழ்கடல் கரையை ஒட்டி வருகிறது. அங்கெல்லாம் எண்ணெய்த் திமிங்கிலக் குடும்பங்கள் குட்டிகளோடு வாழ்கின்றன. இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே ஆசியக் கண்டம் சுவர்போல் நிற்கிறது. மற்றக் கடல்களில் போல வடக்கே போக வழியில்லை. இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலமும் தென்துருவத்துக்கு ஓடாமல் ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே தங்குகிறது.

1979-ல் செஷல்ஸ் என்ற சிறிய தீவு நாடு முன்மொழிய, இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் விஞ்ஞானிகள் இலங்கைக் கடலுக்கு வந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் திமிங்கில ஆராய்ச்சி என்றால் கொன்று, அறுத்துப் பார்ப்பதுதான். இவர்களோ ஒலிவாங்கியை நீரில் தொங்கவிட்டுக் கேட்டார்கள். வாலின் விளிம்பிலுள்ள வெட்டுத் தழும்புகளைப் படம் பிடித்து, ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் கண்டார்கள். ஒன்றையும் கொல்லாமல் அறிய முடியும் என்று காட்டினார்கள். 1982-ல் சர்வதேசக் கமிஷன் வியாபார வேட்டையை நிறுத்துவதென முடிவு செய்தது. 1985-86 பருவத்திலிருந்து அது அமலாயிற்று.

ஆனால் திருகோணமலையில் நடந்தது என்ன? 1983 ஜூலையில் இனவெறித் தீ மூண்டது. தமிழன் வீடு எரிந்தது. தமிழன் உயிர் போயிற்று. தொடர்ந்த போரில் அந்தக் கடல் ராணுவத்தின் கடலாயிற்று. மீனவன் வலைபோட முடியவில்லை. விஞ்ஞானி படகு விட முடியவில்லை. 2009-ல் போர் முடியும் வரை கால் நூற்றாண்டு வீணாயிற்று. போர் வந்தால் பள்ளியும் ஆலையும் மட்டுமா மூடும்? கடலைப் பற்றிய அறிவும் மூடிப்போகும்.

இன்றைய எமன்

ஈட்டி நின்றுவிட்டது. இன்றைய எமனுக்கு வேறு பெயர்கள்.

முதலாவது கப்பல். இலங்கைக்குத் தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகும் பாதை உலகிலேயே நெருக்கடி மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று. அதே நீரில் திமிங்கிலம் மூச்சுக்கு மேலே வருகிறது. மோதினால் கப்பலில் இருப்பவருக்குத் தெரிவதுகூட இல்லை. பாதையைப் பதினைந்து கடல்மைல், சுமார் இருபத்தெட்டுக் கிலோமீட்டர், தெற்கே தள்ளினால் மோதல் வெகுவாகக் குறையும் என்று ஆராய்ச்சியாளர் பல்லாண்டு சொன்னார்கள். 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தானாகவே தன் கப்பல்களை அவ்வாறு தள்ளி ஓட்டத் தொடங்கியது. நல்லது, பாராட்டுவோம். ஆனால் ஒரு கம்பெனியின் நல்ல மனம் சட்டமாகாது. இன்று மனம் வைத்தவன் நாளை எண்ணெய் விலை ஏறினால் மாற்றிக்கொள்ளலாம். எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி வேண்டும்.

இரண்டாவது ஓசை. கடலடியில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்க, கப்பலின் பின்னே கட்டியிழுக்கும் கருவிகளால் அழுத்தக் காற்றை வெடிக்கிறார்கள். நாள்கணக்கில், சில நொடிக்கொரு வெடி! காதாலேயே உயிர் வாழும் பிராணிக்கு இது எப்படியிருக்கும்? குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய் தேட வட்டாரம் வகுத்ததைக் குமரி மாவட்ட மீனவர் 2025-ல் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது தங்கள் மீனைப் பற்றி. ஆனால் மீனுக்குக் கேடானது திமிங்கிலத்துக்கும் கேடுதான்.

மூன்றாவது, முதலில் சொன்ன கடலடி ஏலம். நிக்கோபார் ஆழ்கடலும் எண்ணெய்த் திமிங்கிலம் நடமாடும் கடலே. உலோகக் கட்டியைத் தோண்டினால் கலங்கும் சேறும், இயந்திர ஓசையும் எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து காட்டிவிட்டா ஏலம் போட்டார்கள்?

நாலாவது அம்பர்கிரிஸ். செய்தித்தாளில் 'திமிங்கில உமிழ்நீர்' என்று போடுகிறார்களே, அது. உமிழ்நீருமல்ல, வாந்தியுமல்ல, கணவாயின் கூரிய அலகு செரிக்காமல் குடலில் உறைந்து திரளும் பொருள். சென்ட் வியாபாரத்தில் அதற்குப் பேராசை விலை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் பிடிபடுகிறவன் பெரும்பாலும் யார்? கோடி கிடைக்கும் என்று எவனோ ஆசைகாட்டிய ஏழை மீனவப் பையனும், மோட்டார் சைக்கிளில் மூட்டை சுமந்த வேலையில்லா வாலிபனும்! ஆசை காட்டியவன் அயல்நாட்டில் சென்ட் பூசிக்கொண்டிருக்கிறான். இளந்தோழர்கள் இந்த வலையில் விழ வேண்டாம்.

யார் ஆராய்வது? எப்படிக் காப்பது?

2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே மணப்பாடு கரைப்பக்கம் எண்பதுக்கு மேற்பட்ட சிறு இனத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன, பாதிக்குமேல் செத்தன. இதே கரைப்பக்கம் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருந்தன. இரண்டு முறை, ஒரே மாதம், ஒரே கடல்! ஏன்? விடை வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் அறுபடாத பதிவு வேண்டும். ஒதுங்கிய பின் ஓடுவது ஆராய்ச்சி அல்ல. அது பிரேத விசாரணை.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் பிறந்தது; அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல் கொச்சிக்குத் தலைமையகம் போயிற்று. அந்நிலையத்தின் விஞ்ஞானிகள் கடல் பாலூட்டிகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு அண்மையில் வேகம் பெற்றதற்கு ஒரு காரணம், வலையில் திமிங்கிலம் சாகவில்லை என்று காட்டாத நாட்டின் மீனை வாங்கமாட்டோம் என்னும் அமெரிக்கச் சட்டம். பார்த்தீர்களா தோழர்களே! நம் மீனவன் பிடித்த இறாலின் விலை, நம் கடலில் எத்தனை திமிங்கிலம் என்ற கணக்கில் தொங்குகிறது. வாஷிங்டன் கேட்டால்தான் எண்ணுவோமா? நமக்காக எண்ண மாட்டோமா?

ஒத்தக்கடைக்கு இதில் ஒரு சாட்சி உண்டு. 1965-ல் இங்கே விவசாயக் கல்லூரி வந்தது. நெல்லை ஆராயச் சர்க்கார் செலவழித்தது. கம்பெனி லாபத்துக்காக அல்ல, ஊர் சாப்பாட்டுக்காக. ஆராய்ச்சி பொதுச் சொத்தாக இருந்தால் வயலுக்கு வரும். தனிச் சொத்தானால் பெட்டிக்குள் போகும். கடலுக்கும் அதே நியாயம்தான்.

காப்பது எப்படி என்பதற்கும் உதாரணம் உண்டு. கரீபியக் கடலில் டொமினிக்கா என்று ஒரு குட்டித் தீவு. ஜனத்தொகை எழுபதாயிரத்தளவு, நம் ஊர்களில் ஒரு நகராட்சிக்குள் அடங்கும். அதன் கரையோரம் எண்ணெய்த் திமிங்கிலக் குடும்பங்கள் நிலையாக வாழ்கின்றன. 2005 முதல் ஷேன் கீரோ என்ற விஞ்ஞானியும் குழுவினரும் அவற்றைக் குடும்பம் குடும்பமாக அடையாளம் கண்டு, பாட்டி-பேத்தி உறவு வரை எழுதி வைத்தார்கள். அந்த அறிவின் மேல் நின்று 2023 நவம்பரில் அந்நாடு 788 சதுரக் கிலோமீட்டரைத் திமிங்கிலக் காப்பிடமாக அறிவித்தது. பெரிய கப்பல்களுக்குத் தனிப்பாதை, பெருமீன்பிடிக்குத் தடை, ஆனால் சிறு மீனவன் தன் தொழிலைத் தொடரலாம்!

இந்தக் கடைசிச் சொல்தான் நமக்கு வேண்டியது. இயற்கையைக் காக்கிறோம் என்று சொல்லி ஏழையை விரட்டும் வித்தையை நாம் கண்டிருக்கிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறையைக் காக்க அது தேவைதான். ஆனால் தலைமுறையாகக் கடற்பாசி எடுத்த பெண்கள் தீவுப்பக்கம் போனால் குற்றவாளிகள் ஆனார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாயிற்று. அங்கே வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவருக்கு வனத்துறை பரிசு தருகிறது. விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேலான வழி. காவல்காரன் வேண்டுமானால் மீனவனையே காவல்காரனாக்கு. அவனைவிடக் கடலை அறிந்தவன் எவன்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

தென்தமிழகக் கடலிலும் நிக்கோபார் கடலிலும் திமிங்கிலங்களை ஆண்டு முழுவதும் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்யும் ஆராய்ச்சி பொதுப்பணத்தில் நடக்க வேண்டும். கணக்கு முழுவதும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். மீனவரின் அறிவுக்கு அதில் இடமும், அவர் உழைப்புக்குக் கூலியும் வேண்டும். அது முடியுமுன் ஆழ்கடலில் எண்ணெய் தேடுவதும் கடலடி ஏலமும் கூடாது. கப்பல் பாதையைத் தள்ளுவது குறித்து இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சர்வதேசக் கடல்சார் அமைப்பில் பேச வேண்டும். கச்சத்தீவுப் பக்கம் இரு நாட்டு மீனவரும் ஒருவரையொருவர் பகைத்து நிற்கும் இந்நாளில், இரு கரைக்கும் பொதுவான ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்வது அந்தப் பகையையும் தணிக்கும்.

கடைசியாக ஒன்று. யானைமலையைச் சிற்ப நகரமாக்குகிறோம் என்று 2010-ல் சொன்னபோது நரசிங்கமும் ஒத்தக்கடையும் எழுந்து நின்றன, மலை பிழைத்தது. 2012-ல் மேலூர் வட்டாரத்துக் கிரானைட் கொள்ளை அம்பலமானபோது, அதற்குள் எத்தனையோ குன்றுகள் போய்விட்டிருந்தன. எழுந்து நின்ற இடத்தில் மலை இருக்கிறது. அசந்திருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. கடலில் தோண்டினால் பள்ளம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கரையிலிருப்பவன் மட்டுமல்ல, கடலைக் காணாத ஒத்தக்கடைக்காரனும் இப்போதே கேட்க வேண்டும்: யார் சொத்தை, யாரைக் கேட்டு, யார் ஏலம் விடுகிறார்கள்?

அரிட்டாபட்டிக்காகத் தல்லாகுளம் வரை நடந்த கால்கள் நம்முடையவை. அந்தக் கால்களுக்குக் கடற்கரை தூரமில்லை.